இனிஷியலில் தொலைந்த கட்டுரைகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மேடம் நூலகத்துக்கு வந்துவிட்டார். எங்கள் மருத்துவக் கல்லூரியில் கம்யூனிட்டி மெடிசின் பேராசிரியராக இருந்தவர், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். படிவத்தை மேசையில் வைத்தார்.

"மத்ததெல்லாம் நானே எழுதிட்டேம்மா. இந்த மூணாவது பக்கம் மட்டும் நீ பார்த்துக் குடு."

மூன்றாவது பக்கத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. மொத்தக் கட்டுரைகள், மொத்த சைட்டேஷன் (அவற்றை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பது), அந்த மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை), கடந்த 5 ஆண்டுகளில் வந்த சைட்டேஷன். ஒரு பெண் 34 வருடம் கிராமம் கிராமமாக அலைந்து செய்த வேலை முழுவதையும் அந்த ஐந்து கட்டங்களுக்குள் நான் போட வேண்டும்.

நூலகத்தில் எனக்கு இது 24-வது வருடம். புத்தகம் எடுத்துக் கொடுப்பது குறைந்துபோய், பாதி நேரம் இந்தக் கணக்கு வேலைதான். பதவி உயர்வுக்கு, ஆய்வு நிதிக்கு, கல்லூரி ஆய்வுக்கு வரும் குழுவுக்கு என்று எல்லாருக்கும் எண் வேண்டும். அதனால் மேடத்தின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

ஒரு பெரிய தரவுத்தளத்தில் அவர் பெயரைத் தேடியதும் எச்-இண்டெக்ஸ் 6 என்று வந்தது. கட்டுரைகள் 14. அவர் 30-க்கு மேல் எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், பாதிக்கு நானே பழைய கட்டுரைகளைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். மற்றவை எங்கே போயின?

இனிஷியலுக்குள் போயிருந்தன. தமிழ்ப் பெயர் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் இதை ஒரு தடவையாவது பட்டிருப்பார்கள். மேடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சண்முகம். நமக்கு அவர் எஸ்.முத்துலட்சுமி. பப்மெட் மாதிரி மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் அட்டவணைகளில் குடும்பப் பெயர் முன்னால் வரும், மற்றது முதல் எழுத்தாகச் சுருங்கி பின்னால் நிற்கும். அப்படி 'முத்துலட்சுமி எஸ்' என்று பதிவானால் சிக்கல் இல்லை. ஆனால் ஏதோ ஒரு ஜர்னல், குடும்பப் பெயரைக் கட்டாயம் நிரப்பச் சொல்லியிருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை அங்கே போட்டிருப்பார். அந்தக் கட்டுரை 'சண்முகம் எம்' என்று பதிவாகிவிட்டது. ஆராய்ச்சி செய்தது மகள், அட்டவணையில் ஆசிரியராக நிற்பது எந்த ஆராய்ச்சியும் செய்யாத அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு சில வருடங்கள் கணவர் இனிஷியல் போட்டிருக்கிறார், அது 'முத்துலட்சுமி கே'. லட்சுமி என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியதில் இன்னொன்று. ஆக ஒரே பெண் நான்கு பேராக உட்கார்ந்திருந்தார்: 14 கட்டுரை, 9 கட்டுரை, 6 கட்டுரை, 2 கட்டுரை.

ஆசிரியர்களின் முழுப் பெயரைப் பப்மெட் சேர்க்க ஆரம்பித்ததே 2002-இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் ஓர் எழுத்தை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, கல்லூரி முகவரி, கூட எழுதியவர்கள், எந்த ஊர்த் தரவு என்று பார்த்துத்தான் இது மேடம், இது வேறு ஆள் என்று பிரிக்க முடிந்தது.

நான்கையும் சேர்த்ததும் எச்-இண்டெக்ஸ் 9 ஆனது. இது எப்படி என்று ஒரு இளம் மருத்துவர் பக்கத்தில் நின்று கேட்டார். எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவருக்கு ஒவ்வொன்றும் குறைந்தது 9 தடவை மேற்கோள் காட்டப்பட்ட 9 கட்டுரைகள் இருந்தால் அவர் எண் 9. பத்துக்குப் போக, பத்துக் கட்டுரைகளும் பத்துப் பத்துத் தடவை மேற்கோள் பெற்றிருக்க வேண்டும். ஆளை நான்காகப் பிரித்து வைத்தால் மேற்கோள்களின் கூட்டுத்தொகை குறையாது, ஆனால் இந்த எண் சுருங்கிவிடும். நன்றாக மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு வெவ்வேறு வரிசைகளில் போய் நின்றுவிடுகின்றனவே.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. சேர்த்த பட்டியலை மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. ஏதோ ஒரு வேதிப்பொருள் பற்றிய கட்டுரை, 140-க்கு மேல் சைட்டேஷன். நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

"இது நான் இல்லைம்மா. வேற யாரோ ஒரு பொண்ணு. பாவம், அவளுக்கு இது குறைஞ்சிருக்கும். எடுத்துடு."

எடுத்தேன். எண் 8 ஆனது. 'அவளுக்குக் குறைஞ்சிருக்கும்' என்று அந்த நொடியில் யோசிக்கிற ஒருவரைப் பற்றிய படிவத்தில், அதை எழுதக் கட்டம் இல்லை.

மேடத்தின் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் பெற்றது, பத்துப் பேரோடு சேர்ந்து எழுதிய ஒரு மறுஆய்வுக் கட்டுரை, அதாவது ஒரு துறையில் ஏற்கெனவே வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்வது. அதில் தன் பங்கு இரண்டு பத்திதான் என்று அவரே சொல்கிறார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களை வைத்து அவர் பல வருடம் செய்த வேலை ஒரு இந்திய ஜர்னலில் வந்தது. அதற்கு மொத்தம் 6 மேற்கோள். உலகத்தில் உப்பளத் தொழிலாளர் உடல்நலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? எழுதுகிறவர்கள் குறைவாக இருக்கிற இடத்தில் மேற்கோளும் குறைவாகத்தான் இருக்கும். புற்றுநோய்த் துறையில் இருப்பவரின் 60-ஐயும் இவரின் 6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. மறுஆய்வுக் கட்டுரைக்கும் சிகிச்சை வழிகாட்டிக்கும் மேற்கோள் குவிவது இயல்பு, ஏனென்றால் எல்லாரும் முன்னுரையில் போடுவது அவற்றைத்தான். கிராமத்துச் செவிலியர்களுக்காக மேடம் தமிழில் எழுதிய கையேட்டை எந்தத் தரவுத்தளமும் பார்க்காது. அதைப் படித்தவர்கள் கட்டுரை எழுதுகிறவர்கள் இல்லை.

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் அர்த்தமில்லை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதுபோல ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டது. 2010-இல் லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றது. அதை மறுத்தவர்கள், கண்டித்தவர்கள் எல்லாரும் அதை மேற்கோள் காட்டித்தான் எழுத வேண்டியிருந்தது. எண்ணும் இயந்திரத்துக்கு அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று.

இந்த மூன்று நாளும் என் மனதில் ஒரு வங்காளியின் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பு நாத் டே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அங்கே 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்ற வாராந்தர இதழின் பழைய பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. உலகத்து ஜர்னல்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு அனுப்பும் இதழ் அது, இணையத்துக்கு முன்னால் ஆராய்ச்சியாளர்களுக்கு அதுதான் ஜன்னல். அதை நடத்திய யூஜின் கார்ஃபீல்ட் அதில் கட்டுரைகளும் எழுதுவார். 1986-இல் அவர் எழுதிய ஒன்று, கல்கத்தாவின் டேயைப் பற்றி, காலரா ஆராய்ச்சியில் அவருடைய இடத்தைப் பற்றி. தூசியோடு தரையில் உட்கார்ந்து படித்தேன்.

கார்ஃபீல்ட் யார் என்று சொல்ல வேண்டும். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று 1955-இல் சயன்ஸ் இதழில் எழுதியவர், 1964-இல் அதைச் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று கொண்டுவந்தவர். இன்று நாம் போடும் இந்தக் கணக்கெல்லாம் அந்த வேரிலிருந்து வந்ததுதான். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு பழைய தீர்ப்பு பிற்பாடு எந்தெந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது என்று பார்ப்பதற்கு வைத்திருந்த ஷெப்பர்ட்ஸ் தொகுப்பிலிருந்து அவருக்கு அந்த யோசனை பிடிபட்டது. ஒரு கருத்து யார் யார் கை வழியாக எங்கே போனது என்று தேடிப் பிடிப்பதற்கான கருவி அது. ஒரு நூலகராக எனக்கு அது எவ்வளவு அழகான கருவி என்று தெரியும். ஆளுக்கு மதிப்பெண் போடும் வேலை பிற்பாடு அதன் தலையில் ஏற்றப்பட்டது.

டே 1915-இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். லண்டனில் ராய் கேமரன் என்ற நோயியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து 1949-இல் பிஎச்.டி. வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்குத் திரும்பினார். காலரா கண் முன்னால் மக்களைக் கொன்றுகொண்டிருந்த ஊர். காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று ராபர்ட் காக் 1884-லேயே ஊகித்திருந்தார், ஆனால் எழுபது வருடம் ஆகியும் யாராலும் அதைக் காட்ட முடியவில்லை. ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். டே குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு தண்ணீர் நிரம்பிப் பலூன்போல உப்பியது. இது சட்டர்ஜே என்பவரோடு சேர்ந்து 1953-இல் வெளியிட்டது. பிறகு 1959 மே மாதம், கிருமிகளையெல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. கிருமி இல்லை, அது விட்டுப்போன ஏதோ ஒன்று இருக்கிறது. அதுதான் காலரா நச்சு. நேச்சர் இதழில் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துபோகிற கட்டுரை, ஒரே ஆசிரியர்.

முதல் சில வருடங்களுக்கு அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1969-இல் ஃபின்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் அந்த நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்குள் துறையே மாறத் தொடங்கியிருந்தது. மேடத்தின் படிவத்தில் இருந்த 'கடந்த 5 ஆண்டுகள்' கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1964-ஆம் வருடம்தான் நினைவுக்கு வருகிறது. அன்று அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் 1959-இன் அந்தக் கட்டுரை அதில் பெரிதாக எதையும் சேர்த்திருக்காது, அதன் அருமை உலகத்துக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லையே.

டே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கு ஒரு தடவைக்கு மேல் பரிந்துரைத்தார். இந்தியாவின் எந்த அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராக எடுத்துக்கொள்ளவில்லை. 1985 ஏப்ரலில் இறந்தார். கார்ஃபீல்டின் கட்டுரை அடுத்த வருடம் வந்தது. 1990-இல் கரண்ட் சயன்ஸ் இதழ் அவருக்காகவே ஒரு சிறப்பிதழ் போட்டது. எனக்கு இதில் ஒன்று முக்கியமாகப் படுகிறது. கார்ஃபீல்டிடம் உலகத்தின் எல்லா மேற்கோள் எண்களும் கையில் இருந்தன. அவர் டேயின் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், காலரா ஆராய்ச்சி எங்கிருந்து எங்கே கிளைவிட்டது என்று வரைந்து, நடுவில் கல்கத்தாவைக் காட்டினார். எண்ணை வைத்து இப்படியும் ஒரு காரியம் செய்யலாம் என்று அன்று தரையில் உட்கார்ந்தபோது கற்றுக்கொண்டேன்.

அதே 1959-இல் நம் சென்னையிலிருந்தும் ஒரு கட்டுரை போனது. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில், 90 பக்கத்துக்கு மேல். காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கலாமா என்ற ஆராய்ச்சி. சென்னையின் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரு வருடம் ஒரே மருந்து, ஐசோனையாசிட்டும் பாஸும். மருந்து சாப்பிட்டார்களா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி நிற்கிறது.

அதன் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், மெட்ராஸ்' என்று மட்டும்தான் இருக்கும். ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது, 1956-இல் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் அதைத் தலைமை தாங்கி நடத்தினார். அடுத்த வருடம் வந்த குடும்பத்தார் பற்றிய கட்டுரையில்தான் பெயர்கள் வருகின்றன: ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு. அட்டவணையில் 'வேலு எஸ்' என்று இருக்கும். அந்த எஸ் யார் பெயரின் முதல் எழுத்தோ. அந்தப் பெரிய கட்டுரையின் ஒரு மேற்கோள்கூட இவர்களில் எவருடைய தனிக் கணக்கிலும் ஏறாது. நோயாளி வீட்டுக் கதவைத் தட்டிய செவிலியர்களை எந்தக் கணக்கிலும் தேட வேண்டியதே இல்லை.

மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தான் படிக்கும் காலத்தில் வகுப்பில் இந்த ஆராய்ச்சியைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அழுதுவிட்டார் என்று சொன்னார். அவருடைய அண்ணன் சானடோரியத்தில் இடம் கிடைக்காமல் இறந்துபோனவராம்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். கட்டங்களில் எண்களை எழுதினேன். 30 கட்டுரை, எச்-இண்டெக்ஸ் 8. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்தில் குறித்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஜர்னல், நூல், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். ஒரே ஆளுக்கு இரண்டிலும் இரண்டு எண் வரும், இரண்டும் பொய் இல்லை. அப்புறம் ஒரு தனித் தாள் இணைத்தேன். உப்பளக் கட்டுரையை மேற்கோள் காட்டிய 6 பேர் யார், அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. ஆறையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். தேர்வுக் குழு அதைப் படிக்குமா என்பது அவர்கள் கையில். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணை, வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள், டோரா என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. படிவங்களின் மூன்றாவது பக்கம் மட்டும் இன்னும் அப்படியே வருகிறது.

மேடம் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஆறாவது வரியில் இருந்த பெயரைக் காட்டி, "இந்தப் பையனுக்கு ஒரு மெயில் போடணும்மா, நல்லா எழுதியிருக்கான்" என்றார். அங்கேயே உட்கார்ந்து போட்டார்.

அந்த வாரமே ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்தாள். முதல் பேப்பர் அச்சுக்குப் போகிறது, பெயரை எப்படிப் போடுவது என்று சந்தேகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, கல்லூரிப் பதிவில் இன்னொரு மாதிரி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். 2012-இலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கப்படும் 16 இலக்க ஆர்கிட் எண்ணைப் பற்றிச் சொன்னேன். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் ஆளை விட்டுப் போகாது. பதிவுசெய்யும் பக்கத்தைத் திறந்ததும் கொஞ்ச நேரம் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பெயரை அடித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் அம்மா பெயரை முழுதாக எழுதினாள்.

"இனிமே எல்லாத்துலயும் இப்படித்தான் மேம்," என்றாள். 16 இலக்கங்களையும் அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.